எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியாம்

முதல் கொப்புளம் 2014 மே மாதத்தில் வந்தது. துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டிராயிங் போடுகிற வேலை எனக்கு. தகரக் கூரைக்குக் கீழே அக்கினி வெயிலில் உட்கார்ந்திருப்பவனுக்கு உடம்பில் எது வந்தாலும் அதன் பெயர் சூடுதான். இரண்டு நாள் காய்ச்சல். கவட்டியில் நெறி கட்டி நடக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஆண்குறியின் தண்டில் ஐந்தாறு நீர்க்கொப்புளங்கள், திராட்சைக் கொத்து மாதிரி. மெடிக்கல் ஷாப் அண்ணன் நான் சொல்லி முடிப்பதற்குள், "சூட்டுக் கொப்புளம் தம்பி, தெனம் ஒரு இளநி குடிங்க" என்று ஒரு களிம்பை எடுத்து வைத்தார். மூன்று வாரத்தில் ஆறியது. நல்ல பெயர் இளநீருக்குப் போனது.

எப்படி வந்தது என்பது என் மனைவிக்குத் தெரியும். உங்களுக்குத் தேவையில்லை.

பிறகு அது மாதக்கணக்கில் காணாமல் போகும், திரும்பி வரும். முதல் தடவை போல் காய்ச்சலோ நெறியோ கிடையாது. இடது புட்டத்தில் சுள்சுள்ளென்று ஒரு குத்தல், மறுநாள் முதலில் வந்த இடத்திலேயே இரண்டு மூன்று கொப்புளம், ஒரு வாரத்தில் பொருக்கு. 2016-இல் கல்யாணம். ஆறாவது மாதத்தில் மறுபடி வந்தபோது வெட்கத்தை விட்டு தோல் டாக்டரிடம் போனேன். ஒரு கொப்புளத்தை உடைத்து, பஞ்சுக் குச்சியில் தொட்டு, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார். ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ், இரண்டாம் வகை. பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ்.

"ஏன் சார் திரும்பத் திரும்ப வருது?"

"எதிர்ப்பு சக்தி குறையிறப்ப வரும் தம்பி. நல்லா சாப்பிடுங்க, டென்ஷன் ஆகாதீங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு நாள் பேசவில்லை. அந்தப் பதினோரு நாளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. பேசத் தொடங்கியதும் அவளே என் எதிர்ப்பு சக்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள். நிலவேம்புக் கஷாயம், ஜிங்க் மாத்திரை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், பச்சைப் பூண்டு. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டுக் குறிக்க ஆரம்பித்தேன். முதல் வருடம் ஏழு தடவை. பூண்டு தின்ற மாதமும் வந்தது, தின்னாத மாதமும் வந்தது.

அந்த வருடம் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் காய்ச்சல் அடித்தது. எங்கள் வீட்டிலும் நான் ஒருத்தன்தான் தப்பித்தேன். கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, போர்வைக்குள்ளிருந்தே மனைவி கேட்டாள்: "உங்களுக்குத்தான் எதிர்ப்பு சக்தி கம்மியாச்சே. உங்களுக்கு மட்டும் ஏங்க வரல?"

பதில் தெரியவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் பொறியியல் வரைபடத்தைப் புரியும் வரை விடாமல் பார்க்கிற பழக்கம் உண்டு. அப்படியே ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன், ஒரு பக்கத்துக்கு ஒரு இரவு என்ற வேகத்தில்.

அகராதியில் ஹெர்ப்பிஸ் என்று தேடினால் அக்கி என்று வரும். அதைப் பார்த்ததும் அப்பாயி ஞாபகம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவருக்கு இடுப்பைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வார் கட்டிய மாதிரி கொப்புளம். துறையூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் அதற்கு ஆஸ்பத்திரி கிடையாது, வேளார் வீடுதான். வேளார் செங்காவியைக் குழைத்து, கோழியிறகால் அப்பாயியின் முதுகில் ஒரு மிருகம் வரைந்தார். சிங்கம் என்றார். எனக்குப் பூனை மாதிரித்தான் தெரிந்தது. அந்த அக்கி இதுவல்ல, இதன் ஒன்றுவிட்ட சகோதரன்: சின்னம்மை போட்ட வைரஸ் நரம்பில் பல காலம் படுத்திருந்து எழுவது. இரண்டும் ஒரே குடும்பம், நரம்பில் ஒளிவது குடும்பத் தொழில். ஆனால் அப்பாயிக்கு வந்தது பெரும்பாலோருக்கு ஆயுளில் ஒருமுறைதான் வரும். எனக்கு வருடத்துக்கு ஏழு.

என்னுடையது ஒளிந்திருக்கும் இடம் முதுகுத்தண்டின் அடிப்பகுதி. தோலில் நுழைந்த வைரஸ் அங்குள்ள நரம்பு நுனியைப் பிடித்து, நரம்புக்குள்ளேயே மேலே போய், திரிக எலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் சேர்ந்துவிடுகிறது. ஒரே முடிச்சிலிருந்து பல இழைகள் புட்டத்துக்கும் தொடைக்கும் குறிக்கும் இறங்குவதால்தான் புட்டத்தில் குத்தி வேறிடத்தில் கொப்புளிக்கிறது. முடிச்சில் அது பெருகுவதில்லை. நரம்புச் செல்லின் உட்கருவில் ஒரு வளையமாகச் சுருண்டு, புரதம் எதையும் ஏறக்குறைய தயாரிக்காமல் கிடக்கும். இதுதான் சிக்கல். நம் செல்கள் தம்முள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை எப்போதும் வெளியே காட்டிக்கொண்டிருக்கும். டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே அந்நியன் இருப்பதைக் கண்டுபிடிக்கும். புரதமே தயாரிக்காதவனை எதை வைத்துப் பிடிப்பது?

கண்டுபிடித்தாலும் கொல்ல முடியாது. தோல் செல் செத்தால் புதிது வந்துவிடும், நரம்புச் செல் போனால் போனதுதான். இதற்கு உடம்பு வைத்திருக்கும் வழியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் ராபர்ட் ஹெண்ட்ரிக்ஸின் குழு 2008-இல் எலிகளில் காட்டியது அது. முதல் வகை வைரஸ் ஒளிந்த நரம்பு முடிச்சில் சிடி8 என்ற வகை டி செல்கள் நரம்புச் செல்லை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. இவை கொலைகார செல்கள். கிரான்சைம் பி என்ற நொதியை ஊற்றி எதிரிச் செல்லைச் சாகடிப்பவை. நரம்பு முடிச்சில் அதே நொதியை ஊற்றுகின்றன, நரம்புச் செல் சாவதில்லை. வைரஸ் எழுந்திருக்கத் தேவையான ஐசிபி4 என்ற புரதத்தை மட்டும் நொதி வெட்டிப் போடுகிறது. வீட்டை இடிக்காமல், எழுந்தவனின் காலை மட்டும் தட்டிவிட்டுப் படுக்க வைப்பது. எல்லாக் காவலும் இந்தப் பக்குவத்தோடு இருந்தால் நாடு நன்றாக இருக்கும்.

இந்தக் காவலையும் மீறிச் சில துளிகள் நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கிவிடுகின்றன. எனக்குச் சுள்சுள் என்பது இந்த நேரத்தில்தான். தோல் செல்லுக்குள் நுழைந்ததும் வைரஸ் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, ஐசிபி47 என்ற சின்னப் புரதத்தை வைத்து, துணுக்குகள் வெளியே போகும் வாசலை அடைப்பது. சிடி8 வந்து பார்த்தால் செல் சுத்தமாகத் தெரியும். உடம்பு வேறு வகைச் செல்களை, சிடி4 என்ற இன்னொரு வகை டி செல்களையும் இயற்கைக் கொல்லி செல்களையும், முதலில் அனுப்புகிறது. அவை காமா இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைப் பொழிய, அடைத்த வாசல் மறுபடி திறக்கிறது, பிறகு சிடி8 வேலையை முடிக்கிறது. கொப்புளத்தின் சிவப்பும் வீக்கமும் வலியும் வைரஸ் மட்டும் செய்தவை அல்ல. பாதி நம் ஆட்கள் செய்தது.

இனி என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு பச்சைமலை அடிவாரத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊரில் மக்காச்சோளம் பால் பிடித்தால் மலையிலிருந்து பன்றி இறங்கும். ராத்திரிக் காவலுக்குப் பரண் கட்டுவார்கள். என் சித்தப்பா பரணை காட்டின் நடுவில் கட்ட மாட்டார். போன வருடம் பன்றி எந்த வரப்பைத் தாண்டிப் புகுந்ததோ அந்த வரப்பில் கட்டுவார். அங்கே வந்தால் தகர டப்பாவைத் தட்டியே திருப்பிவிடலாம். பத்து வரப்பு தள்ளிப் புகுந்தால், சித்தப்பா டார்ச்சோடு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கால் ஏக்கர் போயிருக்கும். அப்போது யாரும், "இந்தக் குடும்பத்துக்குத் தெம்பு போதலை" என்று சொன்னதில்லை. ஆள் இருந்தான், அந்த வரப்பில் இல்லை.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஃப்ரெட் ஹட்சின்சன் மையமும் சார்ந்த ஜியா ஜூ, லாரி கோரி ஆகியோரின் குழு செய்தது ஏறக்குறைய பரண்களைத் தேடிப் போனதுதான். திரும்பத் திரும்ப வரும் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் உள்ள தன்னார்வலர்கள், புண் இருக்கும்போது அந்த இடத்துத் தோலில் சிறு துண்டு கொடுத்தார்கள். ஆறிய பிறகு அதே இடத்தில் மறுபடி கொடுத்தார்கள், பல வாரங்களுக்குத் தொடர்ந்து. (அந்த இடத்தில்! ஒரு ஊசிக்கே நான் சுவரைப் பிடிப்பவன். முகம் தெரியாத அந்த மனிதர்களுக்கு ஒரு கும்பிடு.) 2007-இல் அவர்கள் வெளியிட்டது: புண் ஆறி, தோல் பார்க்கச் சுத்தமாகி, வைரஸும் போன பின்னும், வைரஸைக் குறிப்பாக அறிந்த சிடி8 செல்கள் அங்கேயே தங்கியிருக்கின்றன. மேல்தோலும் அடித்தோலும் சந்திக்கும் கோட்டில், நரம்பு நுனிகள் வந்து முடியும் இடத்தை ஒட்டி, மாதக்கணக்கில். பன்றி புகுந்த அதே வரப்பு. 2013-இல் இன்னும் நுணுக்கமாக, அங்கே குடியேறிவிட்ட ஒரு தனி வகை சிடி8 செல்களைக் காட்டினார்கள். இரத்தத்தோடு சுற்றித் திரிகிறவை அல்ல அவை. அந்த இடத்துவாசிகள்.

அப்படியானால் ஏன் கொப்புளம் வருகிறது? வராத தடவைகளை நாம் எண்ணுவதில்லை என்பதுதான் பதில். அதே சியாட்டில்காரர்கள் நோயாளிகளை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அறுபது நாள், தாங்களே பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுக்கச் சொன்னார்கள். புண் எதுவும் இல்லாத நாட்களிலும் வைரஸ் வந்து வந்து போயிருந்தது. வந்த தடவைகளில் ஏறக்குறைய பாதி, 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. தூங்கும்போது வந்து, விடியும்போது இல்லை. ஜோஷுவா ஷிஃபர் என்ற ஆய்வாளர் இந்த எண்களை வைத்து ஒரு கணித மாதிரி கட்டினார். எனக்கு அதில் சமன்பாடு புரியவில்லை, படம் புரிந்தது. தோலை மில்லிமீட்டர் கணக்கில் சின்னச் சின்ன பாத்திகளாகப் பாருங்கள். ஒரு பாத்தியில் காவல் செல்கள் நெருக்கமாக இருந்தால் வைரஸ் சில மணி நேரத்தில் அடங்குகிறது, நமக்குத் தெரிவதே இல்லை. காவல் அடர்த்தி குறைந்த பாத்தியில் நரம்பு நுனி வைரஸைக் கொட்டினால், ஆட்கள் வந்து சேர்வதற்குள் அது பெருகிவிடுகிறது. அதுதான் கொப்புளம். காலம் போகப் போக அந்தப் பாத்தியின் காவலும் கலைந்து மெலிகிறது.

ஆக, மனைவியே, உடம்பில் எதிர்ப்பு சக்தி என்று ஒரே தொட்டி இருந்து, அதில் தண்ணீர் இறங்கினால் காய்ச்சலும் கொப்புளமும் சேர்ந்து வருவதில்லை. நான் ஜுரத்துக்குத் தப்பியது ஒரு கணக்கு. இடுப்புக்குக் கீழே சில மில்லிமீட்டர் தோலில் காவல் கொஞ்சம் மெலிந்திருந்தது வேறு கணக்கு.

டாக்டர் சொன்னது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். எச்ஐவி முற்றியவர்களுக்கும், உறுப்பு மாற்று செய்து மருந்து எடுப்பவர்களுக்கும் இந்தப் புண்கள் பெரிதாகி மாதக்கணக்கில் ஆறாமல் நிற்பதுண்டு. அவர்களுக்குத் தொட்டியே வற்றியிருக்கிறது. மற்றவர்களிடமும் காய்ச்சல், மாதவிலக்கு, கடும் மன அழுத்தம் எல்லாம் வைரஸைக் கிளப்பிவிடுவதாகச் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் நோட்டில் எட்டு வருடம் எழுதியவன் சொல்கிறேன், டென்ஷனுக்கும் கொப்புளத்துக்கும் நான் தேடிய பொருத்தம் ஜாதகப் பொருத்தம் மாதிரிதான் இருந்தது. வேண்டியவனுக்குப் பொருந்தும்.

காவலுக்கு ஒரு விலையும் உண்டு. ஹெர்ப்பிஸ் இரண்டாம் வகை உள்ளவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று முன்பே தெரியும். ஹெர்ப்பிஸை மாத்திரையால் அடக்கினால் எச்ஐவியும் குறையும் என்று பெரிய சோதனைகள் நடந்தன. 2008-இல் ஒன்று, 2010-இல் ஒன்று, இரண்டுமே தோற்றன. புண்கள் குறைந்தன, எச்ஐவி குறையவில்லை. ஏன் என்பதற்கு ஜியா ஜூவின் குழு 2009-இல் தோலிலேயே ஒரு காரணம் காட்டியது: மாத்திரை சாப்பிட்டுப் புண் ஆறிய பின்னும், அந்த இடத்தில் சிடி4 செல்கள் நெருக்கமாகத் தங்கியிருக்கின்றன. எச்ஐவி நுழைவதே சிடி4 செல்கள் வழியாகத்தான். பன்றிக்குக் கட்டிய பரணில் திருடன் ஏறிப் படுத்த கதை.

அடுத்து, ரிப்போர்ட்டில் வரும் ஆன்டிபாடி, அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்து இரத்தத்தில் விடும் புரதம். ஐஜிஎம், ஐஜிஜி என்பவை அதில் இரண்டு வகை. குழந்தைக்குத் திட்டமிட்டபோது ஒரு லேபில் மனைவிக்கு, வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளைத் தேடும் டார்ச் டெஸ்ட் எடுத்தோம். ஹெர்ப்பிஸ் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று சிவப்பில் அடித்திருந்தது. கவுன்டரில் இருந்த பையன், "ரீசன்ட்டா இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கு மேடம்" என்றான், சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருக்க. மறுபடி பதினோரு நாள் வந்துவிடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. உண்மையில் ஹெர்ப்பிஸுக்கு ஐஜிஎம் டெஸ்ட் எதற்கும் உதவாது. புதியதா பழையதா என்று அது சொல்லாது, முதல் வகையா இரண்டாம் வகையா என்று பிரிக்கவும் தெரியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. டைப் பிரித்துச் சொல்லும் ஐஜிஜி டெஸ்ட் தனியாக இருக்கிறது. அதை எடுத்தபோது இவளுக்கு இரண்டாம் வகை இல்லை. எத்தனை வீட்டில் அந்தச் சிவப்பு எழுத்து அடிதடியில் முடிந்ததோ.

எனக்கு ஐஜிஜி எகிறிக் கிடக்கிறது. அந்த ஆன்டிபாடி கொப்புளத்தை நிறுத்தவில்லை. வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஒரு ஜோடிப் புரதம் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது; போதாததற்கு வைரஸ் செல்லுக்குச் செல் ஒட்டியே தாண்டுகிறது. தடுப்பூசிகளும் இங்கேதான் வழுக்கின. 8323 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2012-இல் வந்தது: ஊசி நிறைய ஆன்டிபாடியை உண்டாக்கியது, இரண்டாம் வகையைத் தடுக்கவில்லை. முதல் வகையைக் கொஞ்சம் தடுத்தது. யாரும் கேட்காத வரம்.

இருப்பது மாத்திரை. தினம் ஒரு 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர். உடம்பில் அது அசைக்ளோவிராக மாறும். வைரஸின் சொந்த நொதி தொட்டால்தான் அசைக்ளோவிர் விஷமாகும், நம் செல்லில் சும்மா இருக்கும். சுருண்டு படுத்திருப்பதை அது தொடாது. 2004-இல் வெளியான சோதனையில், ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத 1484 ஜோடிகளில், எட்டு மாதத்தில் துணைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முழுக்க அல்ல, பாதி. ஆணுறையும் சேர்த்துத்தான் எங்கள் ஏற்பாடு.

2019-இல் மனைவி கர்ப்பம். தில்லை நகரில் பார்த்த பெண் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். என் நோய், இவளுக்கு நெகட்டிவ். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அந்த இரண்டாவதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க மனைவிக்குப் பழைய இன்ஃபெக்‌ஷன் இருந்திருந்தா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன் சார்."

"அப்ப எனக்கு இல்லாததுதான் பிரச்சினையா மேடம்?" என்றாள் இவள்.

"இல்லாதது பிரச்சினை இல்லம்மா. கடைசி மூணு மாசத்துல புதுசா வந்தாதான் பிரச்சினை."

பிரசவத்துக்கு நெருக்கத்தில் முதன்முதலாகத் தொற்றினால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பல வருடமாக ஹெர்ப்பிஸ் வந்து வந்து போகும் தாயிடமிருந்து போவது 1 சதவீதத்துக்கும் குறைவு. காரணம், நான் மேலே உதவாக்கரை என்று திட்டிய அதே ஆன்டிபாடி. அம்மாவின் கொப்புளத்தைத் தடுக்கத் தெரியாத ஐஜிஜி, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் இரத்தத்தில் சேர்ந்து, பிறக்கும் வழியில் வைரஸ் பட்டாலும் பெரிதும் காக்கிறது. புதிதாகத் தொற்றிய தாய்க்கு அதைத் தயாரித்துக் கொடுக்க நேரமில்லை. திட்டியதை அழிக்கவில்லை. இரண்டும் உண்மை.

டாக்டர் சொன்னது எளிது: மாத்திரையை நிறுத்தாதீர்கள், கடைசி மூன்று மாதம் உறவு வேண்டாம். எங்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. தலைப்பிரசவம், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, வளையல் குலுங்க அம்மா வீட்டுக்கு முசிறி போய்விட்டாள். இந்த வழக்கத்தை வைத்தவர்கள் வைரஸை நினைத்து வைக்கவில்லை. ஆனாலும் மருந்துச் சீட்டில் எழுதியதைச் சீர்வரிசையோடு செய்து கொடுத்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய், திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன்.

பெண் குழந்தை. ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் இவளுடைய பெரியம்மா பார்க்க வந்தார், கீழுதட்டு ஓரத்தில் பொருக்குத் தட்டாத கொப்புளத்தோடு. கேட்டதற்கு, "ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்றார். கொஞ்சக் குனிந்தபோது நான் நடுவில் கையை நீட்டிவிட்டேன். உதட்டுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை. பச்சைக் குழந்தைக்கு அதுவும் ஆகாது.

"என்ன மாப்ளே, புள்ளையத் தொடக்கூடாதா?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க பெரியம்மா. உதட்டுல புண்ணு இருந்தா முத்தம் குடுக்கக் கூடாதாம்."

"எந்த டாக்டரு? நாங்க பெத்து வளக்கலையா?" அவர் அன்றைக்குக் காபி குடிக்காமல் போனார். உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று மாமனார் கேட்டார். பேப்பரில் படித்தேன் என்றேன். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது.

நோட்டு இன்னும் இருக்கிறது. ஏழு, ஐந்து, நான்கு என்று இறங்கி, போன வருடம் ஒன்று. முன்பெல்லாம் கொப்புளம் வந்தால்தான் எழுதுவேன். இப்போது வராததையும் எழுதுகிறேன். கடைசிப் பதிவு இது: "ஜூன் 9. இரவு 10 மணி. இடது புட்டம், சுள்சுள். காலை 6 மணி: இல்லை."